தூம்பின் மூச்சு: ஒரு குளியலறையை முன்வைத்து

2015 டிசம்பர் முதல் நாள் இரவு சைதாப்பேட்டைக்குள் வெள்ளம் தெரு வழியாக வந்ததாகவே பலரும் நினைவுகூர்கிறார்கள். எங்கள் வீட்டில் அது குளியலறை வழியாக வந்தது. அடையாறு தெருவில் ஏறுவதற்கு வெகுநேரம் முன்பே, குளியலறைத் தரையிலிருந்த வட்டச் சல்லடைத் தட்டு இலேசாக அசைந்தது. இரண்டொரு குமிழிகள் வெடித்தன. பிறகு கரிய நீர் ஓசையின்றி மேலெழுந்தது. நாங்கள் அப்போது வாசற்படியில் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தோம்.

அந்த இரவுக்குப் பின் அம்மா கீழ்த்தளத்தில் குளிக்க மறுத்துவிட்டார். எண்பதை நெருங்கும் வயதில் மாடியிலேயே தங்குவது என்று முடிவு செய்தார். ஆகவே 2016 கோடையில் மாடி அறையை ஒட்டி ஒரு சிறு குளியலறை கட்டினோம். ஏழு மாதம் கழித்து அந்தக் குளியலறையிலும் நாற்றம் எழுந்தது. (நாற்றம் என்பது ஒரு காலத்தில் நறுமணத்தையும் குறித்த சொல் என்று வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லி வருகிறோம். அன்று அந்த விளக்கம் வீட்டில் எடுபடவில்லை.) நாற்றத்தோடு ஓர் ஓசையும் சேர்ந்துகொண்டது. கழிப்பறையில் தண்ணீர் ஊற்றினால் போதும், பக்கத்துக் குளியலறைத் தரைக்குள் யாரோ வாய் கொப்பளிப்பதுபோலக் 'களக் களக்' என்று கேட்கும். அம்மாவுக்கு அந்தக் குமிழி ஓசை டிசம்பர் இரவை நினைவூட்டியது. இரவில் அவர் மாடிக் குளியலறைக்கும் போவதில்லை என்பதை நாங்கள் தாமதமாகத்தான் அறிந்தோம். நீர் அருந்துவதையே குறைத்துக்கொண்டிருந்தார்.

கட்டிய கொத்தனார் வந்து பார்த்து, பினாயில் ஊற்றச் சொல்லிப் போனார். அடுத்து வந்தவர் தட்டை மாற்றினார். மூன்றாவதாக வந்த முதிய பிளம்பர் எதையும் தொடவில்லை. ஒரு தீக்குச்சியைக் கிழித்து அணைத்து, அதன் புகையைச் சல்லடைக்கு மேலே பிடித்தார். கழிப்பறையில் ஒரு வாளி நீரை ஊற்றச் சொன்னார். புகை நேராகத் துளைக்குள் இழுக்கப்பட்டது. "சார், இதுக்கு ஏர் பைப்பே குடுக்கல. தண்ணி கீழ எறங்கணும்னா காத்து உள்ள வரணும். வழி இல்லன்னா அது நாணி ட்ராப்ல இருக்கற தண்ணிய இழுத்துக்கும்" என்றார்.

'நாணி' என்ற சொல் நம்மைச் சற்றுத் தடுமாற வைத்தது. நாணத்தோடு உறவுடைய தமிழ்ச் சொல்லோ என்று ஒரு கணம் மயங்கினோம். அது கட்டட வழக்கில் 'நஹானி டிராப்'. குளியலறைத் தரையில் பதிக்கும், எப்போதும் கொஞ்சம் நீரைத் தன்னுள் வைத்திருக்கும் கிண்ணம். மராத்தியில் 'ந்ஹாணி' என்றால் குளிக்கும் இடம். பம்பாய்ப் பக்கத்துக் கட்டட வழக்கிலிருந்து நாடெங்கும் பரவிய சொல் இது. 'கக்கூஸ்' டச்சுக்காரர்களிடமிருந்து வந்தது என்பர். வீட்டின் மிக அந்தரங்கமான மூலைக்கு நாம் வெளியூர்ச் சொற்களையே வைத்திருக்கிறோம் என்பது யோசிக்கத் தக்கது.

நம்மிடம் சொல் இல்லாமலில்லை. வீட்டுக் கழிவுநீர் விழும் இடத்தைக் குறள் 'அங்கணம்' என்கிறது. தென்மாவட்டத்துப் பழைய வீடுகளில் அங்கணக்குழி என்ற வழக்கு நம் பாட்டிமார் காலம் வரை உயிரோடிருந்தது. மணிமேகலையில் 'சுருங்கைத் தூம்பு' வருகிறது. வஞ்சி நகர் வீடுகளில் பெண்கள் கூந்தல் கழுவிய நீர், மறைவான அந்தத் தூம்பு வழியே அகழியில் போய்க் கலக்கிறது. அந்த நீரின் மணத்தால் அகழியின் முதலைகளும் மீன்களும் தம் புலால் வாடை நீங்கிப்போயின என்று சாத்தனார் கற்பனை செய்கிறார். சாக்கடையை இத்தனை நறுமணத்தோடு பாடிய புலவர் வேறொருவர் இருப்பாரா என்பது ஐயமே. ஆனால் கற்பனைக்கு அடியில் ஓர் உண்மைச் செய்தி உண்டு. மூடிய தூம்பு வழியே வீட்டுக் குளியல் நீரை ஊருக்கு வெளியே கொண்டுபோகும் ஏற்பாட்டை அவர் அறிந்திருந்தார். 2019-இல் கீழடியில் கிடைத்த சுடுமண் குழாய்களைக் கண்டபோது நமக்கு முதலில் நினைவுக்கு வந்தவை இந்த வரிகள்தாம்.

'தூம்பு' என்ற சொல்லுக்கு இன்னொரு முகமும் உண்டு. உள்துளை உடைய எதுவும் தூம்பு. ஏரி மதகும் தூம்பு. புதுக்கோட்டைப் பகுதி ஏரிகளில் உள்ளது குமிழித்தூம்பு. மலைபடுகடாத்தில் அது ஓர் இசைக்கருவி. யானை பெருமூச்சு விடுவதுபோல் ஒலிப்பது. நீர் செல்லும் குழாய்க்கும் மூச்சு செல்லும் குழாய்க்கும் பழந்தமிழ் ஒரே சொல்லை வைத்திருந்தது. தற்செயல்தான். ஆயினும் எங்கள் மாடிக் குளியலறையின் நோய்க்கு இதைவிடப் பொருத்தமான நிகண்டு இல்லை.

பழைய வீடுகளில் இந்த நோய் வந்ததில்லை, காரணம் எளிது. முற்றத்திலோ கிணற்றடியிலோ குளித்தார்கள். நீர் சலதாரை வழியே திறந்த வாய்க்காலில் ஓடித் தோட்டத்து வாழைக்குப் போயிற்று. நான்கு புறமும் வானம். அங்கே காற்றுக்கு வழி தேட வேண்டியதில்லை. சாக்கடையை மூடிக் குழாயாக்கி, அந்தக் குழாயின் ஒரு முனையைப் படுக்கையறைக்குப் பத்தடி தொலைவில் கொண்டுவந்து திறந்து வைத்தபோதுதான் சிக்கல் பிறந்தது. தெருச் சாக்கடைக்கும் படுக்கையறைக்கும் இடையே ஒரு கதவு தேவைப்பட்டது. நீரை விட வேண்டும், காற்றைத் தடுக்க வேண்டும்.

அந்தக் கதவைக் கண்டவர் ஒரு கடிகாரக்காரர். எடின்பரோவில் பிறந்து இலண்டனில் தொழில் செய்த அலெக்சாண்டர் கம்மிங், 1775-இல் நீர்க்கழிப்பறை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். கிண்ணத்துக்குக் கீழே குழாயை வளைத்து, அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் நீர் தங்கும்படி செய்ததே அதன் சிறப்பு. அசையும் உறுப்பு ஏதுமில்லாத கதவு அது. தண்ணீரே பூட்டு. இன்று நம் வீட்டுக் கைகழுவும் தொட்டிக்குக் கீழே இருப்பதும், தரையில் நாணியாக இருப்பதும் அந்த வளைவின் வம்சமே.

ஆனால் அந்தப் பூட்டு மிக மெல்லியது. இந்திய தேசியக் கட்டட விதித்தொகுப்பு குறைந்தது 50 மில்லிமீட்டர் நீர் நிற்க வேண்டும் என்கிறது. நம் தலைமேல் நிற்கும் காற்றின் அழுத்தம் சுமார் 10 மீட்டர் உயர நீரைத் தாங்கவல்லது. அதில் இருநூறில் ஒரு பங்கு ஏறினாலோ இறங்கினாலோ 50 மில்லிமீட்டர்ப் பூட்டு திறந்துகொள்ளும். செங்குத்துக் குழாயில் ஒரு வாளி நீர் மொத்தமாக இறங்கும்போது அது மத்தைப்போலக் காற்றைக் கீழே தள்ளி, மேலே வெற்றிடத்தை விட்டுச் செல்கிறது. அந்த வெற்றிடம் தனக்கு வேண்டிய காற்றை எங்கிருந்தாவது இழுத்தே தீரும். மேலே திறப்பு இல்லையென்றால் பக்கத்துக் கிண்ணத்து நீரை உறிஞ்சிக்கொண்டு, அதன் வழியே அறையின் காற்றை இழுக்கும். நாங்கள் கேட்ட 'களக்' அதுதான். அதன்பின் பூட்டில்லாத கதவு. சாக்கடைக் காற்று விருப்பம்போல் வந்து போகலாம். ஆள் புழங்காத அறையில் நீர் தானே வற்றிப்போவதும் உண்டு. சித்திரை வெயிலில் அதற்குச் சில வாரங்களே போதும்.

கம்மிங்கின் வளைவுக்குத் துணையாக மூச்சுக்குழாய் வேண்டும் என்பது பரவலாக உணரப்பட ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின. அதற்கு ஓர் அரச நோய் துணைபுரிந்தது. 1861 டிசம்பர் 14-இல் விக்டோரியா அரசியின் கணவர் ஆல்பர்ட் இறந்தார். மருத்துவர்கள் டைபாய்டு என்றனர். பத்தாண்டுகள் கழித்து, 1871-இன் இறுதியில், இளவரசர் எட்வர்டும் டைபாய்டில் வீழ்ந்தார். ஸ்கார்பரோவில் ஒரு பிரபுவின் மாளிகையில் விருந்தினராகத் தங்கித் திரும்பியிருந்தார். உடன் தங்கிய செஸ்டர்பீல்டு பிரபு இறந்தார். தந்தை இறந்த நாளையொட்டி இளவரசர் தேறினார். இங்கிலாந்து முழுவதும் ஒரே பேச்சு: அந்த மாளிகையின் குழாய்கள் வழியே ஏறிய சாக்கடைக் காற்றுதான் காரணம். அரண்மனைக்கே இந்தக் கதி என்றால் தம் வீடு என்னாவது என்று நடுத்தர வர்க்கம் நடுங்கிற்று. தொழில் நூல்கள் பெருகின. அவற்றுள் எஸ். ஸ்டீவன்ஸ் ஹெல்யர் என்ற பிளம்பர் 1877-இல் வெளியிட்ட நூல் பரவலாகப் படிக்கப்பட்டது. வளைவுக்கு அருகிலிருந்து ஒரு தனிக் குழாயைக் கூரைக்கு மேலே கொண்டுபோகும் வழக்கம் இக்காலத்தில்தான் வேரூன்றிற்று.

இதில் நமக்குச் சுவையாகத் தோன்றுவது, அவர்கள் நம்பிய கொள்கை தவறானது என்பதே. துர்நாற்றமே நோய் என்ற 'மியாஸ்மா' கொள்கை அன்று கோலோச்சியது. காலரா நீரில் பரவுகிறது என்று ஜான் ஸ்னோ 1854-இலேயே காட்டியும் பலர் ஏற்கவில்லை. 1880-இல் டைபாய்டின் நுண்ணுயிர் இனங்காணப்பட்டது. 1884-இல் ராபர்ட் கோக் கல்கத்தாவில் காலராக் கிருமியைப் பிரித்துக் காட்டினார். அதன்பின் காற்றுக்குப் பயந்தவர்கள் கேலிக்குரியவர்களானார்கள். எங்கள் வீட்டிலிருந்து அடையாற்றைத் தாண்டினால் கிண்டியில், 1899-இல் தோன்றிய கிங் நோய்த்தடுப்பு நிலையம் இருக்கிறது. சென்னை மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த டபிள்யூ. ஜி. கிங்கின் பெயர் கொண்டது. நாற்றத்தை மோந்து நோயைத் தேடிய காலம் போய், உருப்பெருக்கியில் தேடும் காலம் சென்னைக்கு வந்ததன் அடையாளம் அது. கொள்கை மடிந்தது, குழாய் மட்டும் கூரைமேல் நின்றுகொண்டேயிருந்தது.

பிறகு 2003 மார்ச்சில் ஹாங்காங்கில் நடந்ததை அந்த மியாஸ்மாக்காரர்கள் கேட்டிருந்தால் சற்றே நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். கௌலூனில் அமாய் கார்டன்ஸ் என்னும் அடுக்குமாடிக் குடியிருப்பில் 321 பேருக்கு சார்ஸ் நோய் தொற்றியது. ஆராய்ந்தவர்கள் கடைசியில் குளியலறைத் தரைத் துளைகளை வந்தடைந்தார்கள். அங்கே பலர் தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் துடைத்து மட்டும் வந்திருந்தார்கள். வளைவுகளில் நீர் வற்றிப்போயிருந்தது. குளியலறை மின்விசிறி சுழன்றபோது கழிவுக்குழாயின் ஈரக்காற்று அறைக்குள் இழுக்கப்பட்டது. இரண்டு அங்குல நீர் இல்லாமல்போனதற்கு அத்தனை விலை.

சென்னையின் கதைக்கு வருவோம். 1863-இல் இந்தியப் படைகளின் சுகாதாரம் பற்றிய அரச ஆணையத்தின் அறிக்கை வெளிவந்தது. அதன் பின்னே பிளாரன்ஸ் நைட்டிங்கேலின் உழைப்பு இருந்தது. 1865-இல் ஹெக்டர் டல்லக் என்ற பொறியாளர் சென்னை நகருக்கான கழிவுநீர்த் திட்ட அறிக்கை ஒன்றை எழுதினார். அறிக்கைகளுக்கும் குழாய்களுக்கும் இடையே வழக்கமான இடைவெளி. 1890-ஐ ஒட்டித்தான் சில பகுதிகளில் குழாய்கள் பதிக்கப்படலாயின. நகரம் முழுமைக்குமான திட்டம் ஜே. டபிள்யூ. மேட்லியின் காலத்தில் வந்தது. தியாகராய நகரில் மேட்லி சாலையிலும் சுரங்கப்பாதையிலும் நாள்தோறும் போகிறவர்களில் எத்தனை பேர், அந்தப் பெயர் நம் குழாய்த் தண்ணீருக்கும் சாக்கடைக்கும் உரியவருடையது என்று அறிவார்கள்? 1914-இல் திறக்கப்பட்ட கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையமும் அவர் பணியே. 1961-இல் நகரின் மக்கள்தொகை 6.6 லட்சமாக இருக்கும் என்று அன்று கணக்கிட்டார்கள். அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் அது 17 லட்சத்தைத் தாண்டியிருந்தது. சைதாப்பேட்டை அந்தக் கணக்கிலேயே வராத ஊர். செங்கல்பட்டு மாவட்டத்துக்குத் தலைமையிடமாக இருந்த தனி ஊர் அது. 1940-களின் நடுவில்தான் மாநகர எல்லைக்குள் வந்தது. நாம் இன்று ஊற்றும் ஒவ்வொரு வாளியும், நம்மை எதிர்பாராமல் போடப்பட்ட ஒரு திட்டத்தின் வாலில் போய்த்தான் சேர்கிறது.

பழைய பகுதிகளில் தெருவோரம் விளக்குக் கம்பம்போல உயரமாக, விளக்கில்லாமல் நிற்கும் இரும்புத் தூண்களைச் சிலர் பார்த்திருக்கக் கூடும். அவை தெருச் சாக்கடையின் மூச்சுக்குழாய்கள். கீழே சேரும் வாயுவை வீடுகளின் தலைக்கு மேலே விடுவதற்காக நட்டவை. வீட்டுக்கு மூச்சுக்குழாய் இல்லையென்றால் நாற்றம் வரும். தெருச் சாக்கடையில் காற்றோட்டம் இல்லையென்றால் ஆள் சாகிறான். அங்கே சேரும் ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை வாடை உடையது; ஆனால் அளவு மிஞ்சினால் மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். வாடை நின்றுவிட்டது என்று இன்னும் ஒரு படி இறங்குகிறவர் திரும்புவதில்லை. சென்னையில் இப்படி இறந்தவர்கள் பெரும்பாலும் எந்தச் சாதியினர், எந்தக் குடியிருப்பிலிருந்து வந்தவர்கள் என்று நாம் எழுதித் தெரிய வேண்டியதில்லை. 1993-இலும் 2013-இலும் சட்டங்கள் வந்தன. 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்ச ரூபாய் தரச் சொல்லிற்று. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக்கிற்று. தொகை உயர வேண்டியிருந்தது என்பதே நிலைமையைச் சொல்லும். எங்கள் பிளம்பரின் அண்ணன் அப்படி ஒரு குழியில் மயங்கி விழுந்து, இழுத்துப் போட்டுப் பிழைத்தவராம். அவர் தீக்குச்சியை அணைத்தபின் புகையை மட்டும் பிடித்ததன் காரணம் அப்போதுதான் விளங்கிற்று. குழியருகே எரியும் தீக்குச்சியை அவர் கொண்டுபோவதேயில்லை.

எங்கள் வீட்டு வேலை 2018 கோடை விடுமுறையில் தொடங்கிற்று. அதன் சிக்கலை விளக்க வீட்டின் கட்டுமானத்தைச் சொல்ல வேண்டும். கீழ்த்தளத்தின் கூரை 'மெட்ராஸ் டெரஸ்' வகை: தேக்கு விட்டங்களின்மேல் மெல்லிய செங்கற்களை மூலைவாட்டில் நிறுத்திச் சுண்ணாம்பில் பதித்து, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டு இடித்த பழைய தளம். இக்காலக் கான்கிரீட் வீடுகளில் குளியலறைக்கு மட்டும் தளத்தை ஓரடி தாழ்த்தி அதில் குழாய்களைப் புதைக்கிறார்கள். மெட்ராஸ் டெரஸைத் தாழ்த்த முடியாது, குடையவும் கூடாது. ஆகவே 2016-இல் குளியலறைத் தரையை மேலே உயர்த்தியிருந்தார்கள். பழைய தளத்துக்கும் புதிய தரைக்கும் நடுவே கிடைத்தது ஏழு அங்குலம். அதற்குள் நாணி, அதிலிருந்து பதினோரு அடி ஓடிக் கழிப்பறையின் நாலங்குலக் குழாயில் சேரும் குழாய், அதற்கான சரிவு எல்லாம் அடங்க வேண்டும். முன்பு செய்தவர்கள் சரிவைப் பார்த்தார்கள், நீரைப் பார்த்தார்கள். காற்றுக்கு இடம் விடவில்லை.

பிளம்பர் முதலில் மொட்டை மாடிக்குப் போனார். நாலங்குலக் குழாயின் உச்சி பிளாஸ்டிக் மூடியால் இறுக அடைக்கப்பட்டிருந்தது. மழைத்தண்ணீர் இறங்கக் கூடாது என்று யாரோ செய்த நற்பணி. அதைக் கழற்றி வலைத்தொப்பி போட்டதும் ஓசை பாதி குறைந்தது. மீதிப் பாதிக்குத்தான் தரையை உடைக்க வேண்டியிருந்தது. பதினோரு அடி என்பது நீண்ட ஓட்டம். அதற்கு நாணிக்கு அருகிலேயே தனி மூச்சு வேண்டும் என்றார்.

தரையைத் திறந்தபின் நாம் அறிந்தது, மூச்சுக்குழாயை எப்படி வேண்டுமானாலும் எடுத்துவிட முடியாது என்பது. கழிவுக்குழாயின் பக்கவாட்டிலிருந்து படுக்கையாக எடுத்தால், ஒவ்வொரு குளியலின்போதும் சோப்பு நுரையும் முடியும் அதற்குள் ஒதுங்கி, ஓரிரு ஆண்டில் அடைத்துவிடும். அடைத்த மூச்சுக்குழாய் வெளியே தெரியாது. மறுபடி 'களக்' கேட்கும்போதுதான் தெரியும். ஆகவே குழாயின் மேற்புறத்திலிருந்து, குறைந்தது அரைச் செங்கோணத்தில் சாய்த்தாவது, மேல்நோக்கியே எடுக்க வேண்டும். படுக்கையாகத் திரும்புவதென்றால் குளியலறைத் தரைமட்டத்தைத் தாண்டி ஓரளவு உயர்ந்த பிறகே திரும்பலாம். அப்போதும் உள்ளே வியர்க்கும் நீர் கழிவுக்குழாய்க்கே வடியும்படி சரிவு வேண்டும். ஏழு அங்குலத்தில் இவை எல்லாவற்றுக்கும் இடம் எங்கே? அவர் நாணியைச் சுவரை ஒட்டி ஓரடி நகர்த்தினார். சாய்வாகப் புறப்பட்ட குழாய் நேராகச் சுவருக்குள் போயிற்று. ஒன்பது அங்குலச் சுண்ணாம்புச் சுவரில் காடி வெட்டி அதைச் செங்குத்தாக ஏற்றினார். மேலே இடமில்லாத வீடுகளுக்கென 1970-களில் ஸ்வீடனில் உருவான ஒருவழிக் காற்று வால்வு உண்டு. காற்றை உள்ளே விடும், வெளியே விடாது. அதைப் பற்றிக் கேட்டோம். "ரப்பர் தேஞ்சா யாரு பாப்பா? பைப்புக்குத் தேய என்ன இருக்கு?" என்றார்.

மொட்டை மாடியில் அம்மா வடாம் காயவைக்கிறவர். அதனால் குழாயை ஆள் உயரத்துக்கு மேல் கொண்டுபோய், பக்கத்து வீட்டுச் சன்னலுக்கு எதிர்ப்புறமாக நிறுத்தினார். பக்கத்து வீட்டார் அது கைப்பேசிக் கோபுரத்தின் தொடக்கமோ என்று ஒரு வாரம் சந்தேகப்பட்டது தனிக்கதை.

சோதிக்கும் நாளில் அம்மா நாற்காலி போட்டு வாயிலில் அமர்ந்திருந்தார். கழிப்பறையில் ஒரு வாளி நீர் மொத்தமாகக் கவிழ்க்கப்பட்டது. எல்லோரும் பேச்சை நிறுத்தினோம். நாணிக்குள் நின்ற நீர் சற்றே நடுங்கி அடங்கியது. அம்மா குனிந்து பார்த்தார்.

"ஏம்ப்பா, தண்ணி போச்சா இல்லியா? சத்தமே காணோம்."

"போயிடுச்சும்மா."

"இன்னொரு வாளி ஊத்து" என்றார்.